அளவு ஜாக்கெட்

கோவிந்தம்மா என் கடையைத் தாண்டிப் போனாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் துணி இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பதினெட்டு வருடம் தையல் மிஷின் மிதித்தவனுக்குப் பை தொங்குகிற தொங்கலை வைத்தே உள்ளே இருப்பது அரிசியா துணியா என்று சொல்லிவிட முடியும். நான் காலை நிறுத்தி, "வா கோவிந்தம்மா, குந்து" என்று சொல்வதற்காக வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. ரயில்வே கேட்டைக் கடந்து, மாவு மிஷினைக் கடந்து, என் வீடு இருக்கிற சந்துக்குள் நுழைந்தாள். அந்தச் சந்தில் மொத்தம் நான்கு வீடுகள். மற்ற மூன்றில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. திறந்த வாயை மூடிக்கொண்டு மறுபடி மிதித்தேன். பாபினில் நூல் தீர்ந்து மிஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

எழுபத்திரண்டாம் வருடம், ஆடி மாதம். கத்திரி வெயில் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, கும்மிடிப்பூண்டிக்கு அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை. ஜி.என்.டி. ரோட்டுப் புழுதியைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து வெட்டிவைத்த துணி மேல் கொட்டியது. ஸ்டேஷனுக்கு எதிரே 'ராஜவேலு டைலர், ஜாக்கெட் ஸ்பெஷலிஸ்ட்' என்ற பலகை தொங்கும் கடை என்னுடையது. ராஜவேலு நான்தான். கவரப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் பெண்கள் என்னிடம்தான் தைத்தார்கள். என் கை சுத்தம் ஒரு காரணம். இன்னொரு காரணம் என் ஒழுக்கம். வண்ணாரப்பேட்டையில் தொழில் பழகிய நாளிலிருந்து ஒரு பெண் உடம்பின் மேல் என் டேப் பட்டதில்லை. அவர்கள் தங்கள் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நிற்பார்கள். நான் அதைப் பரப்பி, அதன்மேல் புதுத் துணியைப் போட்டு, அப்படியே வெட்டுவேன். முக்கால் மீட்டர் துணியில் ஜாக்கெட்டும் தைத்து, மிச்சத் துண்டும் எடுப்பேன். ஓரத்தில் துணி விட்டுத் தைக்கிற ஊதாரித்தனம் என்னிடம் கிடையாது.

அந்த அளவு ஜாக்கெட்டுகளே நான் தைத்தவைதான். கோவிந்தம்மாவுடையது கத்திரிப்பூ நிறம், ஆறு வருடத்துக்கு முன்னால் தைத்தது. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் கொண்டுவருவாள். சாயம் போகவில்லை, ஒரு நூல் பிரியவில்லை, காஜா ஒன்று தளரவில்லை. புதிதாக யாராவது கடைக்கு வந்தால் அதைத் தூக்கிக் காட்டி, "ஆறு வருசம் ஆவுது. பாத்துக்கோ, நம்ம தையல் எப்பிடி கீதுன்னு" என்பேன். அவர்கள் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிரமித்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்களின் அளவு ஜாக்கெட்டும் அப்படித்தான், நேற்றுத் தைத்தது மாதிரி இருக்கும். என் சட்டைகளையும் நானேதான் தைத்துக்கொள்வேன். கல்யாணமான புதிதில் அக்குளில் கிழிந்துகொண்டிருந்தன. நூல் கம்பெனியை மாற்றினேன். பிறகு ஒன்றுகூடக் கிழிந்ததில்லை. நல்ல நூல் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி குணசுந்தரி திருவள்ளூர்க்காரி. எட்டாவது வரை படித்தவள். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை, அதைப் பற்றி இங்கே பேச்சும் இல்லை. சாயங்காலம் கடையைக் கட்டும்போது வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு மூட்டையாக வீட்டுக்கு எடுத்துப்போவேன். அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வொருத்தர் துணித் துண்டையும் தனித்தனியாக முடிந்து எடுத்துவர வேண்டும், எது யாருடையது என்று சொல்ல வேண்டும். "குப்பைக்கு இன்னாடி பேரும் ஊரும்?" என்று சிரிப்பேன். அவள் அந்தத் துண்டுகளில் கையாலேயே தலையணை உறை தைப்பாள், கரித்துணி தைப்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து கொடுப்பாள். மத்தியானப் பொழுது போக வேண்டாமா என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் சந்திரகலா என்கிற கிராம சேவிகா வந்தாள். பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் மாதர் சங்கம் என்று சொல்லி, மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் பெண்களுக்கு வகுப்பு நடத்தினாள். ஒரு நாள் தையல், ஒரு நாள் கைவேலை, ஒரு நாள் சட்டென்று செய்கிற பலகாரம். குணா போகட்டுமா என்று கேட்டாள். தையல்காரன் பெண்டாட்டி தையல் வகுப்புக்குப் போகிறாளாம்! "போய்ட்டு வா. ஊசிய கையில குத்திக்காத" என்று சொல்லி அனுப்பினேன். அப்போது அது தமாஷாக இருந்தது.

பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே நெய் வாசனை. தட்டில் மஞ்சளாக, சாய்சதுரமாக வெட்டிய துண்டுகள். ஒன்றை வாயில் போட்டேன். மாம்பழமும் பாலும் கலந்து, பல்லுக்கு வேலையே இல்லாமல் கரைந்தது.

"இன்னாது இது?"

"பால் பவுடரும் மாம்பழமும் சக்கரையுந்தான். கிண்டி எறக்க அர மணி நேரங்கூட ஆவுல. எப்பிடி கீது?"

நான் இன்னொன்று எடுத்தேன். பிறகு இன்னொன்று. பதினொரு துண்டு தின்ற பிறகு அவள் சந்தோஷமாக, "கோவிந்தம்மாக்கா சாப்ட்டுட்டு, மெட்ராஸ்லகூட இந்தமாரி கெடைக்காதுன்னிச்சி" என்றாள். பன்னிரண்டாவது துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். அப்படியென்றால் எனக்கு முன்னால் கோவிந்தம்மா தின்றிருக்கிறாள். என் வீட்டு அடுப்பில் கிண்டியதை எனக்கு முன்னால் ஊரே தின்றிருக்கிறது. "தித்திப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கு அப்போதுதான் வயிறு கொஞ்சம் ஆறியது. இப்படித்தான் இருந்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

வைகாசி போய் ஆனி வந்தது. பெண்கள் சந்துக்குள் போக ஆரம்பித்தார்கள். நான் வெட்டின துணியை எடுக்க வீட்டுப் பக்கம் போனால் கதவு சாத்தியிருக்கும். உள்ளே ஒரே சிரிப்பு. "அய்ய, கூச்சமா கீதுடி குணா" என்று யாரோ நெளிவாள். "நேரா நில்லுக்கா. முப்பத்தெட்டு" என்று குணா குரல் கேட்கும். மறுபடி சிரிப்பு. அவள் கையில் இருந்தது என்னுடைய பழைய டேப். பதினெட்டு வருடமாக என் கடையில் எந்தப் பெண்ணும் அப்படிச் சிரித்ததில்லை. மூன்றடி தள்ளி நின்று, துணியை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். அதை மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவள் மேல் வந்தது பொறாமை என்று பெயர் வைக்கக்கூடத் தோன்றவில்லை. பேஜாராக இருந்தது, அவ்வளவுதான். வேட்டி மடிப்பு சரியில்லை, ரசத்தில் உப்பில்லை என்று எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன்.

ஆடி இருபதாம் தேதி வாக்கில் அந்தக் கடைசிச் சேதி வந்தது. வகுப்பு முடிகிற நாளில் யூனியன் ஆபீசில் போட்டியாம். ஒவ்வொருத்தியும் மூன்று பொருள் வைக்க வேண்டும். மிஷின் படாமல் கையாலேயே தைத்தது ஒன்று, கைவேலை ஒன்று, இனிப்பு ஒன்று. தைத்ததை யாருக்குத் தைத்தார்களோ அவர்களே போட்டுக்கொண்டு வந்து ஜட்ஜுகள் முன்னால் நிற்க வேண்டும். முதல் பரிசு, கையால் சுற்றித் தைக்கிற ஒரு கை மிஷின். புதுசு.

"யாருக்குத் தைக்கிற?" என்று கேட்டேன்.

"கோவிந்தம்மாக்காவுக்கு."

கோவிந்தம்மா ரைஸ் மில் களத்தில் நெல் காயவைத்துப் புரட்டுகிறவள். தோளும் கையும் ஆம்பிளை மாதிரி இருக்கும். ஊரில் யாருக்குத் தைத்தாலும் தைக்கலாம், அவளுக்குத் தைப்பதுதான் கஷ்டம் என்பது எனக்கே தெரியும்.

"வேற ஆளே ஆம்புடலியா?"

"அந்தக்கா ஒடம்புக்குத் தெச்சிட்டா யாருக்கு வேணா தெச்சிரலாம்னு சேவிகா அம்மா சொன்னாங்க."

"நான் ஆறு வருசமா தெக்கல?"

அவள் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். "நீங்க அளவு ஜாக்கெட்ட வெச்சி தெக்கிறீங்க. நான் ஆள வெச்சி தெக்கிறேன். அவ்ளோதான்" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கோவிந்தம்மா யூனியன் ஆபீசில் இருநூறு பெண்களுக்கு முன்னால் குணா தைத்த ஜாக்கெட்டோடு நிற்பாள். எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு அந்தக் கை மிஷின் என் வீட்டுக்குள் வந்து உட்காரும். அதன் பிறகு ஸ்டேஷன் எதிரே இருக்கிற கடைக்கு எவள் வருவாள்? பலகையில் இருக்கிற பெயர் எதற்கு? பெண்டாட்டி தைத்துப்போடுகிற சோற்றில் உட்கார்ந்து தின்கிறவன் என்று ஸ்டேஷன் போர்ட்டர்கூடச் சொல்வான். அந்த மிஷின் அவளுக்குக் கிடைக்கக் கூடாது. வேறு யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கட்டும். இவ்வளவு தெளிவாக அதற்கு முன்னால் வாழ்க்கையில் எதையும் நான் நினைத்ததில்லை.

போட்டிக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் அவள் வகுப்புக்குப் போன பிறகு வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலாகக் கைவேலை இருந்தது. என் கடைத் துண்டுகளில் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்த விரிப்பு. ஊர்ப் பெண்களின் அத்தனை நிறமும் அதில் இருந்தது. அதற்கடியில் ஜாக்கெட். கரும்பச்சை. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, நல்ல வேலை. கழுத்து வளைவு ஒரே ஓட்டத்தில் வந்திருந்தது. கை மிஷினுக்கு ஆசைப்பட்டவள், முழுக்கக் கையாலேயே தைத்திருந்தாள். தையல் எறும்பு வரிசை மாதிரி இருந்தது. உள்பக்கம் திருப்பினேன். ஓரத்தில் இரண்டு விரல் துணி மடித்து விட்டிருந்தாள். அக்குளில் கையும் உடம்பும் சேருகிற இடத்தில் சாய்சதுரமாக ஒரு ஒட்டுத் துண்டு. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. துணி பத்தாதவன் செய்கிற வேலை ஒட்டுப் போடுவது. தொழில் தெரிந்தவன் ஒட்டுப் போடுவானா?

அப்படியானால் அதை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கலாம் இல்லையா? வரவில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டு கடைக்குப் போனேன். கரும்பச்சை நூலைப் பாபினில் சுற்றினேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் அரை விரல், கையில் அரை விரல் உள்ளே தள்ளி ஓட்டினேன். வெளியே ஒன்றும் தெரியாது. போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால்தான் தெரியும். முடிகிற இடத்தில் பழக்கதோஷம், முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டிக் கெட்டி போட்டேன். என் தையல் பிரியாது என்று ஊரில் பேர் வாங்கித் தந்தது அந்தக் கெட்டிதான். பிறகு வீட்டுக்கு ஓடி, மடித்திருந்தது மாதிரியே மடித்து, விரிப்புக்கு அடியில் வைத்தேன். அலமாரியில் போட்டிக்கு வைத்திருந்த இனிப்பு இருந்தது. ஓரத்துத் துண்டு இரண்டை எடுத்துத் தின்றுவிட்டுத்தான் கடைக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை யூனியன் ஆபீஸ் கொட்டகை நிரம்பியிருந்தது. மேஜைகளில் வயர் கூடைகள், ஊதுவத்தி அட்டையில் செய்த திரைகள், பாசிமணிக் கிளிகள், ரவை உருண்டை, கடல்பாசி அல்வா. ஈ மொய்க்காமல் இருக்க எல்லாத் தட்டையும் வலைத்துணியால் மூடியிருந்தார்கள். குணா மேஜை நடுவில். அந்த முக்கோண விரிப்பைச் சுற்றிப் பெண்கள் நின்று, "இது என் துணி, தோ, இது உன்னுது" என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னேரியிலிருந்து வந்த மூன்று ஜட்ஜம்மாக்கள் மாம்பழ இனிப்பைத் தின்றுவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி இரண்டாவது துண்டும் எடுத்தாள். இருந்தாலும் பொறுமையாக ஜன்னலோரம் நின்றேன். அடுத்தது ஜாக்கெட்.

கோவிந்தம்மா மாற்றிக்கொள்ளப் பக்கத்து அறைக்குள் போனாள். நேரமாயிற்று. "இன்னாடி இது, கையே உள்ள பூர மாட்டுது" என்ற சத்தம் கதவைத் தாண்டி வந்தது. சந்திரகலா கடிகாரத்தைப் பார்த்தாள். குணா உள்ளே ஓடினாள். ஜாக்கெட்டோடு வெளியே வெளிச்சத்துக்கு வந்தாள். உள்பக்கம் திருப்பினாள். ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து, தையல் முடிகிற இடத்தில் விரல் நின்றது. அப்படியே நின்றாள். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினாள். தேட அதிக நேரம் ஆகவில்லை. என்னைப் பார்த்தாள்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தாலியில் தொங்கிய ஊக்கைக் கழற்றினாள். தரையில் குந்தி, ஊக்கு முனையால் அந்தக் கெட்டியை முதலில் நெம்பி எடுத்தாள். மூன்று அடுக்குக் கெட்டி. நானே பிரிக்க வேண்டுமென்றால் பிளேடு எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அவள் எங்கே குத்தினால் எந்த நூல் விடும் என்று பார்க்காமலே குத்தினாள். ஒரு இழுப்பு, ஒரு முழ நூல் உருவிக்கொண்டு வந்தது. மறு பக்கமும் அப்படியே. வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. இதை இவள் எங்கே பழகினாள்? எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தர மாட்டார்களே என்று அந்த நேரத்திலும் என் புத்தி தொழிலைத்தான் நினைத்தது.

கோவிந்தம்மா வெளியே வந்தாள். பொருத்தம் என்றால் அது பொருத்தம். ஜட்ஜம்மா கையைத் தூக்கச் சொன்னாள். கோவிந்தம்மா களத்தில் முறத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். கொட்டகையே கை தட்டியது. ஜாக்கெட் ஒரு நூல் அளவுகூட மேலே ஏறவில்லை. நான் கைதட்டவில்லை.

ஆனால் கண்ணாடி போட்டிருந்த ஜட்ஜம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அக்குளுக்குக் கீழே வரிசையாக ஊசி ஓட்டைகள். கரும்பச்சையில் பளிச்சென்று தெரிந்தன. "இது மிஷின்ல தச்சுப் பிரிச்ச மாதிரி இருக்கேம்மா. கையாலதானே தைக்கச் சொன்னோம்?" என்று கேட்டாள். குணா, "ஆமாம்மா, தப்பா பூட்ச்சி" என்றாள். யார் செய்தது என்று சொல்லவில்லை. ஜட்ஜம்மாக்கள் கூடிப் பேசினார்கள். முதல் பரிசு ஆரோக்கியமேரி என்கிற பெண்ணுக்குப் போயிற்று. சின்னப் பெண், குழந்தைக் கவுன் தைத்திருந்தாள். குணாவுக்கு மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கை மிஷினை இரண்டு பேர் தூக்கி ஆரோக்கியமேரி அப்பாவின் சைக்கிளில் கட்டுவதை நின்று பார்த்தேன். வயிறு ஆறவே இல்லை.

மூன்று பேரும் தண்டவாளத்தை ஒட்டி வீட்டுக்கு நடந்தோம். கோவிந்தம்மா பொருமிக்கொண்டே வந்தாள். அந்தப் பச்சை ஜாக்கெட்டை அவள் கழற்றவே இல்லை.

"எந்தக் கட்டைல போறவன் கை வெச்சானோ தெரியல. நல்லா இருப்பானா அவன்?"

"வுடுக்கா" என்றாள் குணா.

"இன்னாத்த வுடறது? ஒனக்கு இல்லாத மிஷினு அந்தப் பொண்ணுக்கு எதுக்கு?" என்று கேட்டவள் என் பக்கம் திரும்பினாள். "ந்தா ராஜவேலு, நீ ஒரு மன்சன் இவளுக்கு ஒரு வார்த்த பேசுனியா அங்க? ஒன் பேரக் காப்பாத்திக்கினு கீறவளே இவதான்யா."

"எம் பேர இவ இன்னா காப்பாத்தறா?"

"அக்கா, வாணாங்க்கா" என்று குணா அவள் கையைப் பிடித்தாள். கோவிந்தம்மா உதறிவிட்டாள்.

"ஆறு வருசமா நீ தெச்சிக் குடுத்த ஜாக்கெட்டு ஒண்ணு, ஒரே ஒண்ணு, அப்பிடியே நான் போட்டது கெடயாதுய்யா. கையத் தூக்குனா மூச்சி முட்டும். இவதான் ஒன் துண்டுத் துணியிலயே ஒட்டுப் போட்டுக் குடுப்பா. எனக்கு மட்டுமா? ஊருல எல்லாத்துக்குந்தான்."

நான் நடப்பதை நிறுத்தினேன். "பொய் சொல்லாத. அந்தக் கத்திரிப்பூ கலரு? அளவுக்குக் குடுப்பியே, அதுல ஏது ஒட்டு?"

"அத நான் எங்கய்யா போட்டேன்? பொட்டியில கெடக்குது. ஒட்டுப் போட்டத ஒங்கிட்ட காட்டுனா ஒம் மொகம் சுண்டிப் பூடுமேன்னு, ஒனக்குக் காட்றதுக்குன்னே ஒண்ணு பிரிக்காம வெச்சிக்கினு கீறோம். எல்லார் ஊட்லயும் அந்தமாரி ஒண்ணு கீது நைனா."

அவள் ரைஸ் மில் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். யாருமே போட்டுக்கொள்ளாத ஜாக்கெட்டை வைத்து ஆறு வருடமாக ஊருக்கெல்லாம் ஜாக்கெட் வெட்டியிருக்கிறேன். தப்பான அளவை எடுத்துக் கொஞ்சம்கூடத் தப்பில்லாமல் திரும்பத் திரும்பத் தைத்திருக்கிறேன். பத்தாததற்குத் தூக்கிப் பிடித்து, சாயம் போகவில்லை பார் என்று வேறு காட்டியிருக்கிறேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் நின்றது நினைவுக்கு வந்தது. பிரமிப்பாம், பிரமிப்பு!

குணா கையிலிருந்த சம்படத்தைத் திறந்து மிச்சமிருந்த இனிப்பில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வாயில் போடத் தெரியவில்லை.

"ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? தித்திப்பு தூக்கல்னு நீங்க சொன்னதுக்கே நான் ரெண்டு நாளு சாப்புடல" என்றாள். வீட்டுச் சந்து வந்ததும் என்னைப் பார்க்காமல், "மூணு தபா கெட்டி போட்டுட்டீங்க. ஒரு தபாவோட வுட்ருந்தா ஓட்டை அவ்ளோ தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வழக்கம்போலச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். கயிற்றுக் கொடியிலிருந்து துவைத்த சட்டையை மடித்து எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தேன். தைக்கக் கொடுத்தவர்களின் அளவு ஜாக்கெட்டுகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. மொத்தம் ஏழு. ஒன்றை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். போட்டுத் துவைத்த துணிக்கு எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஆள் வாசனை கொஞ்சம் இருக்கும். இதில் அந்துருண்டை வாசனைதான் இருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே வாசனை. மிச்ச ஐந்தை எடுக்கவில்லை.

சரக்கு வண்டி வருகிறதென்று கேட்டை மூடினார்கள். சந்தைக்குப் போகிற பெண்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். கீரைக்கூடை, நெல் மூட்டை, மோர்ப்பானை. தலைச்சுமையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்தார்கள். பதினெட்டு வருடமாகத் தினமும் அதே இடத்தில் அப்படித்தான் நிற்கிறார்கள். நான் மிஷினைப் பார்த்திருக்கிறேன், துணியைப் பார்த்திருக்கிறேன். தூக்கிய கைகளை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிவப்பு ஜாக்கெட்டின் அக்குளில் சிவப்பாக ஒரு சாய்சதுரம். ஊதாவில் ஊதா. பூப்போட்டதில் பூக்கூட இடம் மாறாமல் பொருந்தியிருந்தது. என் கடையிலிருந்து பெயர் சொல்லி முடிந்து எடுத்துப்போன துண்டுகள். நான்கு வரைக்கும் எண்ணினேன்.

அந்தக் கூட்டத்தில் கோவிந்தம்மாவும் இருந்தாள். கையில் அதே மஞ்சள் பை. கடையைப் பார்க்காமல் சந்துக்குள் திரும்பிப் போனாள். இந்தத் தடவை கூப்பிட வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமான புதிதில் என் சட்டைகள் கிழிந்துகொண்டிருந்தன, பிறகு கிழியவில்லை. திடீரென்று அது ஞாபகம் வந்தது. நூல் கம்பெனி.

மிஷினை விட்டு எழுந்து, கடைக்குள்ளே கதவுப் பலகை மறைவுக்குப் போனேன். வலது கையைத் தூக்கினேன். இடது கை விரலை அக்குளுக்குள் விட்டுத் தடவினேன். சாய்சதுரமாக, நான்கு பக்கமும் ஒரே அளவாக, விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படுகிற மெல்லிய வரப்பு ஒன்று ஓடியது. வெளியே சரக்கு வண்டி போய்த் தீர்ந்தது. மணியடித்து, கேட்டைத் தூக்கினார்கள். நான் தூக்கின கையை இறக்காமல் நின்றேன்.